தூண்டிலும் தெளிந்த நீரும்
கண்டிப் பகுதி நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு ஒரு பாடம்

உங்கள் வயலின் கடைசி வரம்பைத் தாண்டிய நீர் எங்கே செல்கின்றது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? மேல் மடையால் வரும் நீரைப் பற்றி நாம் பெரிதும் கவலை கொள்கின்றோம். அதற்காக இரவிலும் கண் விழிக்கின்றோம்; சில வேளைகளில் அயலாரோடு பிணங்கவும் செய்கின்றோம். கீழ் மடையால் வெளியேறும் நீரையோ அக்கணமே மறந்து விடுகின்றோம்.

கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் உள்ள வயல்களினதும் தோட்டங்களினதும் வடிநீர் சிற்றோடைகளிற் சேர்ந்து மகாவலி கங்கையை அடைகின்றது. அந்நீரின் ஒரு பகுதி கட்டுகஸ்தோட்டையில் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகக் கண்டி மக்களின் வீடுகளுக்குத் திரும்பி வருகின்றது. இன்னொரு பகுதி, 1976 ஆம் ஆண்டு முதல், பொல்கொல்லையில் மறிக்கப்பட்டுச் சுரங்க வழியாக மாத்தளைப் பக்கம் சென்று, வறண்ட வலயத்தின் நெல்வயல்களுக்குப் பாய்கின்றது. எஞ்சியது விக்டோரியா நீர்த்தேக்கத்தை நிரப்புகின்றது. ஆகவே உங்கள் கீழ் மடை இன்னொருவருடைய மேல் மடையாகும். சில வேளைகளில் அஃது உங்கள் பிள்ளை பாடசாலையில் அருந்தும் குடிநீரும் ஆகும்.

இந்நீர் நல்ல நிலையில் இருக்கின்றதா என்பதை யார் கவனிப்பது? ஆய்வுகூடம் எல்லா ஓடைக்கும் நாள்தோறும் வர இயலாது. ஆனால் ஓடைக் கரையிற் பொழுதுபோக்காகத் தூண்டில் இட்டு அமர்ந்திருப்பவர் வாரந்தோறும் அவ்விடத்துக்கு வருகின்றார். நீரின் நிறத்தையும் மணத்தையும் அதில் வாழும் உயிரையும் பார்க்கின்றார். அவரை நீருக்குக் காவலாளியாக ஆக்குவது எவ்வாறு, அக்காவலுக்குக் கமக்காரர் எவ்வாறு துணைநிற்றல் வேண்டும் என்பவற்றை இப்பாடம் கூறும்.

1. மீன் ஏன் நல்ல சாட்சி?

மீன் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைப் பூக்களால் எடுத்துச் சுவாசிக்கின்றது. நீரிற் கலந்த நஞ்சும் அதே வழியால் அதன் குருதியிற் சேர்கின்றது. ஆகவே மனிதர் உணருமுன்னர் மீன் உணர்கின்றது.

நீர் சூடேறினால் அதிற் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசன் குறைகின்றது. 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கக்கூடும். 30 பாகையில் அஃது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் மட்டுமே. கரையிலுள்ள மருத மரத்தையும் மூங்கிலையும் வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டால் மீன் மூச்சுத் திணறுவது இதனாலேயே.

மலை ஓடை மீன்கள் பலவற்றின் முட்டைகள் பரலிடுக்குகளிலே தங்கிப் பொரிக்கின்றன. தோட்டத்திலிருந்து அரித்துச் செல்லப்பட்ட மண் அவ்விடுக்குகளை அடைத்தால் முட்டை அழுகிப் போகும். அளவுக்கு மீறிய பசளை நீரிற் சேர்ந்தாற் பாசி பெருகும். அப்பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனை உண்டுவிடும்.

எனவே, ஓடையில் பல இன மீன்கள் சிறிதும் பெரிதுமாகக் காணப்படின், அதற்கு மேலேயுள்ள நிலத்தில் மண்ணும் மருந்தும் பசளையும் உரிய இடத்தில் நிற்கின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். மீன் குறைந்தால் உங்கள் மேன்மண்ணும், காசு கொடுத்து வாங்கிய பசளையும் ஓடையோடு போகின்றனவோ என ஐயுறல் வேண்டும். மீனின் இழப்பும் கமக்காரரின் இழப்பும் பல வேளைகளில் ஒரே இழப்பேயாகும்.

2. கண்டிச் சீமைக்கு உரிய மீன்கள்

சிங்களத்தில் ‘கடயா’ எனப்படும் கெண்டையின மீன் ஒன்று உண்டு. கண்டியிற் பெற்ற மாதிரியைக் கொண்டு 1917 ஆம் ஆண்டில் அறிவியலார் இதனை முதன்முதலாக விவரித்தனர்; ‘லேபியோ பிஷரி’ என்பது அதன் அறிவியற் பெயர். உலகில் வேறெங்கும் இல்லாத இம்மீன், மகாவலியின் மேற்பகுதியிலும் அதனோடு சேரும் ஓடைகளிலும், பெரும் பாறைகளுக்கு இடையிலுள்ள ஆழமான நீரில் வாழ்கின்றது. இன்று அஃது அருகிவரும் இனமெனச் சர்வதேசச் சிவப்பேட்டிற் குறிக்கப்பட்டுள்ளது.

‘லெஹெல்லா’ எனச் சிங்களத்தில் வழங்கும் மகசீர் மீனும் இவ்வாற்றுக்கு உரியது. தடித்த செதில்களும் மிக்க வலிமையும் உடைய இம்மீன், தூண்டிலிற் பட்டால் நெடுநேரம் இழுத்துப் போராடும். அதனால் தூண்டில் பொழுதுபோக்கினர் இதனைப் பெரிதும் விரும்புவர். கடலிற் பிறந்து ஆற்றின் வழியே ஏறிவரும் விலாங்கு, சேற்று நீரிலும் வாழவல்ல விறால், கல்லோடு ஒட்டி வாழும் சிறுமீன்கள், வயல் வாய்க்காலிலே துள்ளும் சிறு கெண்டைகள் ஆகியனவும் நம் அயலவரே.

பெரிய அணைகள் இம்மீன்களின் வழியை மறித்துள்ளன. 1985 ஆம் ஆண்டிலே தொழிற்படத் தொடங்கிய விக்டோரியா அணை, ஓடும் ஆற்றின் நெடிய பகுதியை நின்ற நீராக மாற்றிற்று. நின்ற நீரில் வாழ இயலாத மீனுக்குப் பக்க ஓடைகளே புகலிடம். அப்பக்க ஓடைகள் நம்முடைய வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் ஊடே வருகின்றன. அணையை நாம் அகற்ற இயலாது; ஓடையைக் காக்க நம்மால் இயலும்.

3. தூண்டிலார் காவலரான வரலாறு

மீனைப் பிடிப்பவர் மீனைக் காப்பது எங்ஙனம் என நீங்கள் வினவலாம். மீன் இல்லாத ஆற்றிலே தூண்டிலுக்கு வேலையில்லை என்பதே விடை.

இங்கிலாந்திலே 1948 ஆம் ஆண்டில் தூண்டிலார் ஒன்றுகூடி ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, ஆறுகளை அழுக்காக்கியோர்மீது வழக்குத் தொடர்ந்தனர். டார்பி நகரத்துத் தூண்டிற் கழகம் ஒன்று, டர்வென்ட் ஆற்றிலே கழிவை விட்ட பெருந் தொழிற்சாலையையும் நகரசபையையும் 1950 களின் தொடக்கத்தில் நீதிமன்றத்துக்கு இழுத்து வெற்றி கண்டது. அமெரிக்காவில் 1950 ஆம் ஆண்டின் சட்டமொன்று தூண்டிற் கருவிகள் மீது விதிக்கப்படும் வரியை மீன்வளத்தை மீட்கும் பணிக்கே ஒதுக்கிற்று. தூண்டிலைத் தூக்குவோரே ஆற்றின் செலவைத் தாங்குதல் அங்கு முறையாயிற்று.

4. காவிரி தரும் இரு பாடங்கள்

தமிழ் மக்கள் நன்கறிந்த காவிரியிலும் இத்தகைய முயற்சி நடைபெற்றது. கர்நாடகப் பகுதியிலுள்ள காவிரியிலே மிகப் பெரிய மகசீர்கள் வாழ்ந்தன. வெடி வைத்தும் நஞ்சிட்டும் அவற்றைக் கொன்று வந்தனர். 1972 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கமும், பின்னர் ஏற்பட்ட தூண்டில் முகாம்களும், ஆற்றின் சில பகுதிகளைப் பொறுப்பேற்றுக் காவல் வைத்தன. தூண்டிலிற் பட்ட மீனை நிறுத்து, அளந்து, உயிரோடு திரும்ப விடுதலே அங்கு விதி. முன்னர்க் களவாக மீன்பிடித்த உள்ளூரார் சிலர் கூலி பெறும் வழிகாட்டிகளாகவும் காவலராகவும் அமர்த்தப்பட்டனர். செத்த மீன் ஒருநாட் கறிக்கே உதவும். உயிருள்ள மீனோ மீண்டும் மீண்டும் விருந்தினரை அழைத்து வந்தது. இது முதற் பாடம்.

இரண்டாம் பாடம் கசப்பானது. ஆற்றில் மீன் பெருக வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால், மகாராட்டிரத்தின் லோனாவ்லாவிலுள்ள பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்ட நீலச்செட்டை மகசீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. காவிரிக்கே உரியது கூன்முதுகு மகசீர் என்னும் வேறோர் இனம். வந்த மீன் பெருகிற்று; சொந்த மீன் அருகிற்று. இம்மாற்றம் வெளிப்பட்டது எவ்வாறு? ஒரு முகாமிலே 1998 முதல் 2012 வரை தூண்டிலார் எழுதி வைத்த பிடிப்பேட்டினால். தூண்டில் இட்ட மணிகளும், பிடித்து விட்ட 6,000 க்கும் மேற்பட்ட மீன்களின் விவரமும் அதில் இருந்தன. ஆய்வாளர் அவ்வேட்டைப் படித்தபோதுதான் கூன்முதுகு மகசீர் எவ்வளவு விரைவாகக் குறைந்தது என்பது தெரியவந்தது. 2018 ஆம் ஆண்டில் அம்மீன் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகச் சிவப்பேட்டிற் சேர்க்கப்பட்டது.

காவற் பகுதிகளிலே தூண்டில் இடுதல் சட்டப்படி நிறுத்தப்பட்ட பின் முகாம்களின் மீன்பிடிப்பும் முடிவுற்றது. ஆற்றங்கரையில் நாள்தோறும் நின்ற கண்கள் அகன்றமையாற் களவு பெருகிற்று எனத் தூண்டிலார் முறையிட்டனர். எக்கருத்தை ஏற்பினும் ஒன்று தெளிவு: ஏட்டில் எழுதாமற் போயிருந்தால் அம்மீன் மறைந்ததைக் காட்டச் சான்று இருந்திராது.

5. நம் மலைநாட்டு அனுபவம்

மலைநாட்டின் குளிர்ந்த ஓடைகளில் 1880 களிலேயே வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் ஐரோப்பாவின் டிரவுட்டு மீனை விடத் தொடங்கினர். முதலிற் கொணர்ந்த பழுப்பு டிரவுட்டு நிலைக்கவில்லை. பின்னர் வந்த வானவில் டிரவுட்டு ஓர்ட்டன் சமவெளி ஓடைகளில் இனம்பெருக்கி நிலைத்தது. 1896 ஆம் ஆண்டில் நுவரெலியாவிலே இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றிற்று. கழகத்தினர் பொரிப்பகம் அமைத்து ஆண்டுதோறும் குஞ்சு விட்டனர்.

இவர்களாற் சில ஓடைகள் கவனிக்கப்பட்டன என்பது உண்மை. ஆயினும் டிரவுட்டு ஊனுண்ணும் மீன். அம்மீன் இல்லாத நீரிலே பிறந்து வளர்ந்த நம் நன்னீர் இறால்களும் தவளைக் குஞ்சுகளும் அதற்கு இரையாகின்றன. விளையாட்டுக்கென ஒரு மீனைப் புதிதாகக் கொணர்வது நீரைக் காப்பதாகாது.

அண்மைய ஆண்டுகளிற் கண்டி வாவியில் நடந்ததைப் பலர் அறிவர். வட அமெரிக்காவுக்கு உரியதும், முதலை போன்ற அலகு உடையதுமான ‘அலிகேட்டர் கார்’ என்னும் கொடிய மீன் அங்கே காணப்பட்டது. வீட்டுத் தொட்டியிலே சிறு குஞ்சாக வளர்த்து, பெருத்தபின் வைத்திருக்க இயலாது பொதுநீரில் விடப்படும் மீன்களால் இத்தகைய தீங்கு நேர்கின்றது. கண்டி வாவியின் மிகைநீர் மெத எல வழியாக கெட்டம்பேயில் மகாவலியை அடைகின்றது. வாவியில் விட்டது வாவியோடு நிற்கும் என்று எண்ணற்க.

6. நெல் வயலிற் செய்ய வேண்டியவை

(அ) நாசினி தெளித்த பின் வயல் நீரை உடனே வடிக்காதீர். பொதியிற் குறித்த நாள்வரை, குறைந்தது ஒரு வாரமாவது, மடையை அடைத்து நீரை வயலிலேயே நிறுத்துக. பெருமழை வரக்கூடிய நாளிலே தெளித்தல் ஆகாது.

(ஆ) பூச்சியைக் கண்டவுடன் தெளிக்காதீர். முதலில் வயலுள் இறங்கி எண்ணிப் பார்க்க. சிலந்தியும் தும்பியும் பிற நண்பர்களும் தீமை செய்யும் பூச்சிகளைத் தின்கின்றன. கண்மூடித்தனமாகத் தெளித்தால் இவை முதலில் மடியும். அதன்பின் கபில நிறத் தத்தி முன்னிலும் மிகுதியாகப் பெருகும். பகைவனைக் கொல்லும் முன் காவலாளியைக் கொன்ற கதையாக அது முடியும்.

(இ) மீனுக்கு மிகக் கொடிய மருந்துகளைத் தவிர்க்க. செயற்கைப் பைரெத்திரோயிட்டு வகை மருந்துகள் மனிதருக்கு ஓரளவு குறைந்த தீங்குடையன எனப்படினும், நீரிலே மிகச் சிறிதளவு சேர்ந்தாலும் மீனைக் கொல்லும். ‘மூலிகை மருந்து, ஏதமில்லை’ என்று எண்ணுவதும் தவறு. டெரிசு வேரின் நஞ்சும் தேயிலை விதைப் பிண்ணாக்கின் நஞ்சும் தாவரத்திலிருந்து வந்தவையே. அவையும் மீனைக் கொல்லும். மீனுக்குப் பெருந்தீங்கு விளைத்த எண்டோசல்பான் 1998 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் தடைசெய்யப்பட்டது. உறையும் பெயருமில்லாத மருந்தை எவர் தந்தாலும் வாங்காதீர்.

(ஈ) தெளிகருவியை ஓடையிற் கழுவாதீர். வெற்றுப் போத்தலை மூன்று முறை அலசி, அலசிய நீரைக் கருவியிலே ஊற்றிப் பயிருக்கே தெளித்து விடுக. போத்தலை ஓடையில் எறிதலும் வீட்டுப் பாவனைக்கு எடுத்தலும் கூடா.

(உ) யூரியாவைத் தவணைகளாகப் பிரித்து, மழையும் வடிப்பும் இல்லாத நாளில் இடுக. ஓடைக்குப் போகும் யூரியா உங்கள் காசு.

7. மரக்கறித் தோட்டத்திற் செய்ய வேண்டியவை

போஞ்சி, தக்காளி, கோவா, கறிமிளகாய் முதலியவற்றைச் சரிவிற் செய்வோர் மண்ணைக் கட்டிக் காத்தல் முதற் கடன். 1951 ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புக்கென இந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டமை இதன் முதன்மையைக் காட்டும்.

(அ) பாத்திகளைச் சரிவின் வழியே மேலிருந்து கீழாக அமைக்காதீர். சமவுயரக் கோட்டின் வழியே குறுக்காக அமைக்க. இடையிடையே கல்லணையோ, வெட்டிவேர் வரிசையோ, சீமைக்கிளுவை வேலியோ இடுக.

(ஆ) ஓடையின் விளிம்புவரை கொத்தாதீர். சில மீற்றர் அகலத்துக்குப் புல்லும் மரமும் நிற்க விடுக. மருத மரம் கரையைப் பிடித்து நிற்கும், நிழலும் தரும். இவ்வொதுக்கு நிலம் உங்களுக்கு இழப்பன்று. இவ்விளிம்பு இல்லையேல் வெள்ளம் ஆண்டுதோறும் அதனினும் மிகுந்த நிலத்தை அறுத்துச் செல்லும்.

(இ) கோழி எருவையும் மாட்டெருவையும் ஓடைக்கு அருகே குவிக்காதீர். மேட்டிலே குழி வெட்டி, மழைநீர் புகாதவாறு மூடி மக்கவிட்டு, மண்ணோடு கலந்து இடுக.

(ஈ) மருந்து கலக்கும் இடம் ஓடைக்கும் கிணற்றுக்கும் தொலைவில் இருத்தல் வேண்டும். வாளியை மருந்தோடு ஓடையில் முக்கி நீர் மொள்ளும் வழக்கத்தை இன்றே கைவிடுக.

8. தூண்டில் இடுவோர் அறிய வேண்டியவை

நீங்களோ, உங்கள் பிள்ளைகளோ, நகரத்திலிருந்து வருவோரோ தூண்டில் இடுவதாயின், பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, அவ்விடத்திலே தூண்டில் இடலாமா என்பதை மீன்வள அலுவலரிடம் கேட்டறிக. தேசிய வனங்களிலும் காவற் காடுகளிலும் அனுமதியின்றி இடலாகாது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் வெடி வைத்தும் நஞ்சிட்டும் மயக்க மருந்திட்டும் மீன்பிடித்தலைக் குற்றமாக்குகின்றது. பீடைநாசினியை ஊற்றி மீன் பிடிப்பவர் அயலாரின் குடிநீரிலேயே நஞ்சை ஊற்றுகின்றார்.

இரண்டாவது, ஒற்றைக் கொளுக்கியைப் பயன்படுத்துக. அதன் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி விடுக. மண்புழு, சோற்றுருண்டை முதலியன போதும். உயிருள்ள பிறநாட்டு மீனை இரையாகக் கொண்டு செல்லற்க.

மூன்றாவது, கடயா, மகசீர் முதலிய நாட்டு மீன் பட்டாற் கையை நனைத்து, நீருள் வைத்தே கொளுக்கியைக் கழற்றுக. உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்து விடும். அவ்விடத்திலே நோய் பற்றும். அளப்பதற்காக வெளியே எடுத்தால், நீங்கள் மூச்சை அடக்கி நிற்கக்கூடிய நேரத்துக்கு மேல் வைத்திராதீர். விடும்போது நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்து, அது தானே நீந்திப் போகும் வரை பொறுத்திருக்க.

நான்காவது, மழை தொடங்கி ஆறு கலங்கிப் பெருகும் காலத்திற் பல மீன்கள் முட்டையிட மேலேறும். அக்காலத்திலும், கடும் வெயிலால் ஓடை வற்றி மீன் மடுவில் ஒதுங்கும் காலத்திலும் தூண்டிலை மூட்டி வைக்க.

ஐந்தாவது, 1952 ஆம் ஆண்டளவிலே கொணரப்பட்டு நம் நீர்நிலைகளிற் பெருகிவிட்ட திலாப்பியாவைக் கறிக்கு எடுத்துக் கொள்ளலாம். எந்த மீனையும் ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு மாற்றி விடலாகாது. காவிரியின் கதையை இங்கே நினைவு கூர்க. குளத்திற் குஞ்சு விட விரும்புவோர், நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

ஆறாவது, அறுந்த நைலோன் நூலைக் கரையில் விடாதீர். கொக்கும் மீன்கொத்தியும் அதிற் சிக்கி மடியும்.

உயிருக்கு நோவு செய்து பின் விடுவது அறமாகுமா எனக் கேட்போர் நம் ஊர்களிற் பலர். அக்கேள்வி மதிக்கத்தக்கது. கொளுக்கியிட மனம் ஒப்பாதவர், சிறிது சோற்றை நீரில் இட்டு, வரும் மீன்களைக் கரையில் இருந்தே எண்ணலாம். கர்நாடகத்திலே துங்கை ஆற்றின் கரையிலுள்ள சிருங்கேரியில், கோயிற்றுறையில் எவரும் பிடிக்காது காத்தமையால் மகசீர்கள் கூட்டங் கூட்டமாக வாழ்கின்றன. பத்தியினாற் காப்பினும் தூண்டிலினாற் காப்பினும், நீரை இடைவிடாது பார்த்திருக்கும் கண் வேண்டும் என்பதே பொருள்.

9. ஓடை ஏடு

காவிரியின் பிடிப்பேட்டைப்போல் ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஏடு வைத்தல் நன்று. பாடசாலைக் கொப்பி ஒன்று போதும். பௌர்ணமிதோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரு மணி நேரம் அமர்ந்து பின்வருவனவற்றை எழுதுக: நாளும் நேரமும், முன் மூன்று நாட்களில் மழை உண்டா, நீர் தெளிவா, கலங்கலா, பச்சையா, தூண்டில் இட்ட நேரம், கண்ட அல்லது பட்ட மீன்களின் பெயர், எண்ணிக்கை, நீளம், மேலேயுள்ள வயல்களிலும் தோட்டங்களிலும் அவ்வாரம் நடந்த வேலை. மீன் ஒன்றும் படாத நாளையும் எழுதுதல் வேண்டும். படாத நாளை எழுதாத ஏடு பொய் பேசும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுக. ஐந்து மாதமாக ஒரு மடுவிலே பத்துக்குக் குறையாத சிறு கெண்டைகள் காணப்படுகின்றன. ஆறாம் மாதம் ஒன்றுமில்லை. நீரோ தெளிவாகவே இருக்கின்றது. ஏட்டைப் புரட்டினால், மேற்சரிவிலே போஞ்சிக்கு மருந்து தெளித்த வாரம் அது என்று தெரிகின்றது. தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று என்பது இதனால் விளங்கும். கலங்கலைக் கண்ணாற் காணலாம்; நஞ்சை மீனால் மட்டுமே காணலாம். அவ்வேளை அயலாரோடு சண்டையிடாது, ஏட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் செல்க. தெளிகருவியை எங்கே கழுவினார் என்று அமைதியாகக் கேட்க. அடுத்த மாத ஏடு விடை கூறும்.

மீன்கள் திடீரெனச் செத்து மிதந்தால் அவற்றைக் கறிக்கு எடுக்காதீர். மாட்டையும் அந்நீரிற் குடிக்க விடாதீர். நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, உடனே உங்கள் விவசாயப் போதனாசிரியருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவிக்க.

ஒருவர் மட்டும் திருந்தினால் ஓடை திருந்தாது. ஆகவே போகம் தொடங்குமுன் கூடும் கமக்காரர் கூட்டத்திலே, விதைப்பு நாளையும் நீர் விடும் நாளையும் முடிவு செய்வதுபோல், தெளித்தபின் நீர் வடிக்காத நாட்களையும், ஓடைக்கரையில் விடவேண்டிய ஒதுக்கு நிலத்தையும், தூண்டில் இடாத மாதங்களையும் முடிவு செய்க. ஏட்டை அக்கூட்டத்தில் வாசிக்க. இளைஞர் இருவரை அதற்குப் பொறுப்பாக்குக. ஓடையின் மொழி அவர்களுக்கு விரைவிற் பழகும்.

நினைவிற் கொள்க

1. உங்கள் கீழ் மடை பிறருடைய மேல் மடை.
2. தெளித்தபின் நீரை நிறுத்துக. கருவியை ஓடையிற் கழுவற்க.
3. ஓடைக்கரைப் புல்லையும் மரத்தையும் விட்டுவைக்க.
4. நாட்டு மீனை நனைந்த கையால் விடுக. வேற்று மீனை நீரில் விடற்க.
5. கண்டதையும் காணாததையும் ஏட்டில் எழுதுக.

வினாக்கள்

1. உங்கள் வயலின் வடிநீர் எந்த ஓடையிற் சேர்ந்து எங்கே மகாவலியை அடைகின்றது?
2. உங்கள் பாட்டனார் காலத்தில் அவ்வோடையில் இருந்து இன்று இல்லாத மீன்கள் எவை? முதியோரைக் கேட்டு ஏட்டின் முதற் பக்கத்தில் எழுதுக.
3. காவிரியில் நல்லெண்ணத்தோடு விட்ட மீன் தீங்காக முடிந்தது ஏன்?

கண்டியின் பெயரோடு உலகுக்கு அறிமுகமான கடயா மீன், உங்கள் தோட்டத்தின் கீழுள்ள மடுவிலே இன்றும் ஒன்றிரண்டாக இருக்கக்கூடும். அஃது அங்கே இருக்கின்றதா என்று போய்ப் பார்ப்பதே இப்பாடத்தின் முதற் பயிற்சி. இவ்வாரமே தொடங்குக.